பேசாமல் உட்கார்ந்து, டம்ளர் கழுவி, தீர்மானம் எழுதுவது எப்படி

31 வருடம் ஒரு பால் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தேன். அந்த வருடங்களில் நான் அதிகமாக எழுதியது பாலின் அளவோ கொழுப்புச் சத்தோ அல்ல, 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்ற இரண்டு சொற்கள்தான். கூட்டம் நடக்கும், டீ வரும், நான்கு பேர் பேசுவார்கள், இரண்டு பேர் முறைத்துக்கொள்வார்கள், கலைந்து போவார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நான் மினிட் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுவேன். மறுநாள் விடியற்காலையில் பால் ஊற்ற வரும்போது ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார்கள். படித்துப் பார்த்துவிட்டுப் போட்டவர் என்று ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

2018-இல் மகளின் பிரசவத்துக்காக நானும் மனைவியும் இங்கிலாந்தில் பர்மிங்காமுக்குப் போய் ஐந்து மாதம் இருந்தோம். மகள் வீடு போர்ன்வில் பகுதியில். கேட்பரி சாக்லேட் தொழிற்சாலை 1879-இல் குடியேறிய இடம் அது. கேட்பரி குடும்பத்தினர் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தொழிலாளர்களுக்காக மதுக்கடையே இல்லாத குடியிருப்பு ஒன்றைக் கட்டியவர்கள். பக்கத்து வீட்டு மூதாட்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் இருவரையும் தன் கூட்டத்துக்கு அழைத்துப்போனார். வட்டமாக நாற்காலி. பாதிரியார் இல்லை, பலிபீடம் இல்லை, பாட்டு இல்லை. எல்லோரும் கண்ணை மூடியும் மூடாமலும் உட்கார்ந்திருந்தார்கள். கால் மணி நேரம் ஆனதும் என் மனைவி காதருகே குனிந்து, "யாராவது தவறிவிட்டார்களா?" என்று கேட்டார். (மனைவிக்கு 'ஆர்' போட்டு எழுதுவது பின்னால் வந்த பழக்கம், அந்தக் கதை கீழே.)

அந்த மௌனம் என்னைப் பெரிதாக அசைக்கவில்லை. கோயிலில் உட்கார்ந்து பழக்கப்பட்டவனுக்கு அது புதிது அல்ல. அசைத்தது வேறு. இன்னொரு ஞாயிறு, மௌனம் முடிந்து டீ குடித்தபின் அவர்களுடைய நிர்வாகக் கூட்டம். அனுமதி கேட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். கட்டடத்துக் கூரை பழுதைப் பற்றிப் பேசினார்கள். எழுத்தர் என்று ஒரு அம்மாள், பேச்சு முடிந்ததும் எல்லோரையும் காக்க வைத்துவிட்டு, அங்கேயே, அப்போதே தீர்மானத்தை எழுதி உரக்க வாசித்தார். ஒரு கிழவர் எழுந்து, 'நாம் எல்லோரும்' என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த 'எல்லோரும்' சரியில்லை என்றார். அந்த அம்மாள் அந்தச் சொல்லை அடித்துவிட்டு மறுபடி வாசித்தார். ஓட்டெடுப்பு இல்லை, கை தூக்கல் இல்லை. எழுதியது சரி என்று பட்டவர்கள் 'அப்படியே ஆகட்டும்' என்பதுபோல ஒரு வார்த்தை சொன்னார்கள். 31 வருடம் நான் எழுதியது என்ன என்று அன்று மாலை மகள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன்.

ஊருக்குத் திரும்பி, கொரோனா எல்லாம் ஓய்ந்து, 2022 மாசியில் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏழு பேரோடு ஒரு கூட்டம் தொடங்கினோம். இப்போது பதினெட்டு, இருபது பேர் வருகிறார்கள். நாங்கள் குவேக்கர்கள் அல்ல. அவர்களுடைய சங்கத்தில் உறுப்பினர் ஆவதற்கு முறை இருக்கிறது. நாங்கள் யாரும் அதைச் செய்யவில்லை, செய்ததாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. கூடுகிற விதத்தை மட்டும் அவர்களிடம் கடன் வாங்கியிருக்கிறோம். கிருஷ்ணகிரியிலிருந்தும் பாலக்கோட்டிலிருந்தும் சிலர், தங்கள் ஊரில் இப்படி ஒன்று தொடங்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், யாரிடமிருந்து கடன் வாங்கினோம்

யாராவது கேட்டால் சொல்ல இவ்வளவு தெரிந்தால் போதும். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவர், கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவில் பூசாரி வேண்டியதில்லை, ஒவ்வொருவருக்குள்ளும் ஒளி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார். 1650-இல் டெர்பி ஊரில் ஒரு நீதிபதி முன் நிறுத்தப்பட்டபோது, ஆண்டவரின் வார்த்தைக்கு நடுங்குங்கள் என்று நீதிபதியிடமே சொல்ல, அவர் கேலியாக 'நடுங்கிகள்' என்று பெயர் வைத்தார். குவேக்கர் என்றால் அதுதான் பொருள். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்று அழைத்துக்கொள்கிறார்கள். போர்களில் இரண்டு பக்கத்துக்கும் சோறு போட்டவர்கள் என்பதால் 1947-இல் அவர்களுடைய பிரிட்டிஷ், அமெரிக்க சேவை அமைப்புகள் இரண்டுக்கும் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. நம் பக்கத்துக்கும் அவர்கள் அந்நியர் அல்ல. மார்ஜரி சைக்ஸ் என்ற குவேக்கர் அம்மையார் 1928-இல் சென்னைக்குப் பள்ளி ஆசிரியையாக வந்து தமிழ் கற்றார். காந்தியின் சேவாகிராமத்தில் கல்விப் பணி செய்தார். பின்னர் பல ஆண்டுகள் கோத்தகிரியில் வாழ்ந்தார்.

இதைச் சொன்னதும் 'மதம் மாற்றுகிறீர்களா?' என்ற கேள்வி வரும். வரட்டும். வந்து உட்கார்ந்து பாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பேச்சே இல்லாத இடத்தில் பிரச்சாரம் எப்படிச் செய்வது?

நாள், இடம், பாய்

அங்கே ஞாயிறு காலையில் கூடுவார்கள். நாங்களும் அப்படியே தொடங்கிப் பார்த்தோம், ஒத்துவரவில்லை. எங்கள் கூட்டத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற செவிலியர் காலையில் தேவாலயம் போகிறவர். இரண்டு குடும்பங்கள் போச்சம்பள்ளி சந்தைக்குப் போகிறவர்கள்; ஞாயிறு சந்தையை விட்டுவிட்டு மௌனம் காக்க வா என்று எந்த விவசாயியையும் கூப்பிட முடியாது. எனவே ஞாயிறு மாலை ஐந்து மணி. மா சீசனில், மே முதல் ஜூலை வரை, தோப்பு வைத்திருப்பவர்களும் கூழ் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களும் வர மாட்டார்கள். ஆறு பேரோடு நடத்துங்கள்; ஆள் குறைகிறதே என்று புலம்பாதீர்கள். மாசியில் மயானக் கொள்ளை நாளன்று கூட்டமே வேண்டாம். ஊர் முழுக்கப் பம்பை முழங்கும்போது நாம் மட்டும் மாடியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பது வீம்பு. இறங்கிப் போய் வேடிக்கை பாருங்கள்.

இடம் யாருடைய வீடாகவும் இருக்கலாம். ஒரே நிபந்தனை: வாசலில் நின்று 'உள்ளே வரலாமா' என்று யாரும் தயங்காத வீடாக இருக்க வேண்டும். இந்த நிபந்தனை கேட்பதற்கு எளிது. மாடிக்கு வெளிப்பக்கமாகப் படிக்கட்டு இருப்பதால் எங்கள் வீட்டைத் தேர்ந்தெடுத்தோம் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் நுழையாமலே மேலே ஏறலாம், யாருக்கும் சங்கடம் இல்லை என்று. அந்தச் 'சங்கடம் இல்லை'யில் என்ன ஒளிந்திருந்தது என்பது டம்ளர் விஷயத்தில்தான் எனக்கு உறைத்தது.

வட்டமாகப் பாய் விரியுங்கள். முட்டி வலிக்காரர்களுக்கு நாற்காலி, ஆனால் நாற்காலி எல்லாம் ஒரு பக்கம், பாய் எல்லாம் ஒரு பக்கம் என்று இருக்கக் கூடாது, கலந்து போடுங்கள். இல்லாவிட்டால் இரண்டாவது வாரமே நாற்காலிப் பக்கம் மேடையாகிவிடும். (எங்கள் கூட்டத்துத் தையல்காரரை எல்லோரும் பாய் என்றுதான் அழைப்போம். 'பாய் போடுங்கள்' என்று குரல் கொடுத்தால் அவர் திரும்பிப் பார்ப்பார். மூன்று வருடமாக அதே சிரிப்பு.)

அந்த ஒரு மணி நேரம்

முதல் ஆள் உட்கார்ந்ததும் கூட்டம் தொடங்கிவிட்டது என்று பொருள். வரவேற்புரை வேண்டாம். வருகிறவர் செருப்பை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்துகொள்வார். நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை. உள்ளே வந்ததும் 'எப்போது வந்தீர்கள், சாப்பிட்டாயிற்றா' என்று கேட்காவிட்டால் மரியாதைக் குறைவு. தலையை அசைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு விசாரணை ஆறு மணிக்கு.

முதல் தடவை ஒரு மணி நேரம் வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். பன்னிரண்டாவது நிமிடம் கீழே குக்கர் மூன்று விசில் அடித்தது. மனைவி எழுந்து போனார். எழுந்த சாக்கில் இன்னும் இருவர் எழுந்து போனார்கள். மிச்சமிருந்தவர்களில் ஒருவருக்குச் செல்போன் அடித்தது, எடுத்து 'மௌனத்தில் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன்' என்று சத்தமாகச் சொன்னார். இருபது நிமிடத்தில் தொடங்குங்கள், மாதம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு மணி நேரத்தை எட்ட எங்களுக்கு எட்டு மாதம் ஆயிற்று.

குழந்தைகள் முதல் பத்து நிமிடம் பெரியவர்களோடு உட்காரட்டும். பிறகு ஒரு பெரியவரோடு கீழே வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். அந்தப் பெரியவர் வாரம் ஒருவர். எப்போதும் ஏதோ ஒரு பெண் என்று ஆகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது சொல்லியே ஆக வேண்டும் என்று உள்ளே ஒன்று முட்டினால் எழுந்து நின்று சொல்லலாம். சுருக்கமாக, ஒரே தடவை. அதற்கு யாரும் பதில் சொல்லக் கூடாது, பாராட்டவும் கூடாது. ஒருவர் பேசி உட்கார்ந்ததும் அடுத்தவர் உடனே எழக் கூடாது. சொன்னது அடியில் போய்த் தங்க நேரம் வேண்டும். இன்று பேசுவேன் என்றோ பேச மாட்டேன் என்றோ முடிவு செய்துகொண்டு வரக் கூடாது. பல வாரங்கள் யாருமே பேசாமல் கழியும். அது தோல்வி அல்ல.

எங்கள் ஓய்வுபெற்ற தமிழாசிரியருக்கு வாரா வாரம் உள்ளே முட்டியது. ஒரு பாட்டு, அதற்குப் பொழிப்புரை, பொழிப்புரைக்கு விளக்கம், விளக்கத்துக்கு ஒரு கதை, பதினைந்து நிமிடம். குவேக்கர்கள் இதற்கென்றே கூட்டத்துக்கு இரண்டு மூன்று மூத்தவர்களை வைத்திருக்கிறார்கள். மௌனத்தின் நலனைக் கவனிப்பது அவர்கள் பொறுப்பு. நாங்களும் செவிலியரையும் பாயையும் அப்படி வைத்திருந்தோம். செவிலியர் ஒரு மாலை அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்து போனார். "ஐயா, பாட்டு மட்டும் போதும். பொருளை நாங்கள் வீட்டுக்குப் போய் யோசித்துக்கொள்கிறோம்" என்றாராம். ஆசிரியர் இரண்டு வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தார், நான்கு அடியைச் சொன்னார், உட்கார்ந்துவிட்டார். அவருடைய அத்தனை விளக்கங்களும் மறந்துபோய்விட்டன. அந்த நான்கு அடி நினைவிருக்கிறது.

நேரம் முடிந்ததும் அங்கே மூத்தவர் இருவர் கைகுலுக்கிக்கொள்வார்கள், உடனே எல்லோரும் பக்கத்தில் இருப்பவரோடு கைகுலுக்குவார்கள். இங்கே ஆணும் பெண்ணும் கைகுலுக்கச் சொன்னால் பாதிப்பேர் அடுத்த வாரம் வர மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிடுகிறோம். பார்த்து என்பது முக்கியம். நெற்றிக்கு நேரே கையைக் காட்டிவிட்டு வேறெங்கோ பார்க்கும் கும்பிடு வேண்டாம்.

டம்ளர்

எங்கள் மாவட்டத்தில் டம்ளருக்கு ஒரு வரலாறு உண்டு. டீக்கடைகளில் யாருக்கு எந்தக் குவளை என்று இருந்ததைப் பார்த்து வளர்ந்தவன் நான். கூட்டம் தொடங்கியபோது நான் நூறு பேப்பர் கப் வாங்கி வைத்தேன். சுலபம், கழுவ வேண்டாம் என்று சொல்லிக்கொண்டேன்.

கீரை விற்கும் ஆயா ஒருவர் நான்காவது வாரத்திலிருந்து வருகிறார். காலனியிலிருந்து வருகிறவர். மாடிப்படிக்குப் பக்கத்தில், வட்டத்துக்கு ஒரு முழம் வெளியே உட்காருவார். டீயை வாங்கிக்கொண்டு படியில் இறங்கி நின்று குடிப்பார். ஒரு நாள் ஆசிரியரின் பேத்தி, ஏழாம் வகுப்பு படிக்கிறவள், "தாத்தா, அன்றைக்கு நாங்கள் மட்டும் வந்தபோது ஸ்டீல் டம்ளரில் கொடுத்தீர்கள், ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன் பேப்பர் கப்?" என்று கேட்டாள். கழுவ ஆள் இல்லை அம்மா என்றேன். சொல்லும்போதே என் காது சூடாகியது. பேப்பர் கப்புக்கு ஒரு சௌகரியம் உண்டு. குடித்ததும் தூக்கி எறிந்துவிடலாம், யார் வாய் வைத்தது என்ற கேள்வியே எழாது. இரட்டைக் குவளையை ஒழித்துவிட்ட மாதிரியும் இருக்கும், ஒற்றைக் குவளைக்கு வராமலும் இருக்கலாம்.

மறுநாள் கிருஷ்ணகிரிக்குப் போய் இருபத்துநான்கு எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்தேன். பெயர் வெட்டவில்லை. பாத்திரக் கடைக்காரர் யார் பெயர் போடட்டும் என்று மிஷினைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார். வேண்டாம் என்றதும் அவருக்கு ஏமாற்றம். நீங்களும் இதையே செய்யுங்கள்: ஒரே மாதிரி டம்ளர், அடையாளம் இல்லாமல், ஒரே தட்டில். கழுவும் முறைப் பட்டியல் ஒன்றைச் சுவரில் ஒட்டுங்கள்; வாரம் இருவர், அதில் ஒருவராவது ஆண். முதல் வாரம் நானும் பாயும் கழுவினோம். என் மனைவி மாடிப்படியில் நின்று, விளக்குவது எப்படி என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

மரியாதை விகுதியும் இதே கதைதான். பழைய குவேக்கர்கள் நீதிபதியையும் பிரபுவையும் கூட ஒருமையில்தான் விளித்தார்கள், யாருக்கும் தொப்பியைக் கழற்றவில்லை; அதற்காகச் சிறைக்குப் போனார்கள். பெரிய மனிதனைக் கீழே இறக்கிச் சமமாக்கும் வழி அது. இங்கே அதை அப்படியே செய்தால் ஏற்கெனவே நீ, வா, போ கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்றும் மாறாது. நாங்கள் தலைகீழாகச் செய்தோம்: எல்லோருக்கும் 'நீங்கள்'. கீரைக்கார ஆயாவுக்கும், தண்ணீர் கேன் தூக்கி வரும் பையனுக்கும், மனைவிக்கும். "என்னை எதற்கு வாங்க போங்க என்கிறீர்கள், நான் என்ன தாசில்தாரா?" என்று ஆயா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு நாக்கு பழகவே ஆறு மாதம் ஆயிற்று. ஆயா வட்டத்துக்குள் வந்து உட்கார அதைவிட அதிகம் ஆயிற்று, அதை யாரும் அவசரப்படுத்தவில்லை.

சேர்ந்து சாப்பிடுவது

இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆளுக்கொன்று செய்துகொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுங்கள். களி, கீரைக் கடைசல், அவரைக்காய்க் குழம்பு, நிப்பட்டு, எது வந்தாலும் சரி. ஒரே எச்சரிக்கை: அவரவர் கேரியரைத் திறந்து அவரவர் சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகும் ஆபத்து உண்டு. வந்ததும் எல்லாவற்றையும் அடுப்படியில் வேறு பாத்திரங்களுக்கு மாற்றிவிடுங்கள். யார் எதைச் செய்தார்கள் என்று அறிவிக்காதீர்கள். கறி வேண்டாம் என்று வைத்திருக்கிறோம். அது தத்துவம் ஒன்றுமில்லை, பாதிப்பேர் சாப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.

தீர்மானம்

மாதக் கடைசி ஞாயிறு, டீக்குப் பிறகு நிர்வாகக் கூட்டம். அதையும் சில நிமிட மௌனத்தில்தான் தொடங்க வேண்டும். மௌனக் கூட்டத்தின் தொடர்ச்சி அது என்று குவேக்கர்கள் சொல்வார்கள். எழுத்தர் ஒருவர். அவர் தலைவர் அல்ல. தன் கருத்தைச் சொல்வது அவர் வேலை இல்லை, கூட்டத்தின் மனம் எங்கே போகிறது என்று கேட்பதுதான் வேலை. அங்கே எந்தப் பொறுப்பும் பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு, பிறகு வேறொருவர். நான் மூன்று வருடம் இருந்தேன், இப்போது செவிலியர் எழுத்தர்.

பேசுகிறவர் மற்றவருக்குப் பதில் சொல்லும் தோரணையில் பேசக் கூடாது, கூட்டத்துக்குப் பொதுவாகப் பேச வேண்டும். ஏற்கெனவே ஒருவர் சொன்னதை மறுபடி சொல்ல வேண்டியதில்லை. வார்த்தை தடித்தால் எழுத்தர் 'கொஞ்சம் பேசாமல் இருப்போம்' என்று சொல்லலாம். சங்கக் கூட்டங்களில் எனக்கு இந்த ஒரு வாக்கியம் கிடைத்திருந்தால் எத்தனை நாற்காலிகள் உடையாமல் இருந்திருக்கும்!

எங்கள் முதல் பெரிய விஷயம் விளக்கு. வட்டத்தின் நடுவில் ஒரு குத்துவிளக்கு ஏற்றி வைக்கலாம் என்று என் மனைவி சொன்னார். வெறுமையாக இருக்கிறது, மனம் நிற்க ஒரு இடம் வேண்டாமா என்றார். ஆசிரியருக்கு மகிழ்ச்சி. செவிலியர், எங்கள் தேவாலயத்திலும் குத்துவிளக்கு உண்டே என்றார். பாயைப் பார்த்தோம். "எனக்கு ஆட்சேபணை இல்லை" என்றார். என் பேனா தானாகவே 'ஏகமனதாக' என்று எழுதத் தொடங்கிவிட்டது. 'ஏகம' வரை எழுதியாயிற்று. அப்போது படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஆயா, அதுவரை நிர்வாகக் கூட்டத்தில் வாயே திறக்காதவர், "ஆட்சேபணை இல்லை என்பது வேறு, வேண்டும் என்பது வேறு. அவர் வேண்டும் என்று சொல்லவில்லையே" என்றார்.

யாரும் பேசவில்லை. நான் எழுதியதை அடித்துவிட்டு இப்படி எழுதி வாசித்தேன்: 'நடுவில் விளக்கு ஏற்றுவது பற்றிப் பேசினோம். இன்னும் தெளிவு வரவில்லை. அடுத்த மாதம் மீண்டும் பேசுவோம்.' அந்த நோட்டில் அது ஐந்தாவது பக்கம். இன்றும் எடுத்துப் பார்த்தால் மேலே அந்த 'ஏகம' தெரிகிறது.

அடுத்த மாதமும் முடியவில்லை, அதற்கடுத்த மாதமும் முடியவில்லை. இடைப்பட்ட நாட்களில் பாயின் தையல் கடைக்கு யாரும் படையெடுக்கக் கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம். தனியாகப் போய் ஆளைக் கரைப்பது இந்த முறைக்கு விரோதம். மூன்றாவது மாதம் பாய் தானாகவே சொன்னார்: விளக்கு இருந்தால் வருவேன், ஆனால் விருந்தாளியாக வருவேன், இப்போது வீட்டுக்காரனாக வருகிறேன். நான்காவது மாதம் நான் எழுதி வாசித்தேன்: 'விளக்கு பற்றி நான்கு மாதம் பேசினோம். நடுவில் எதுவும் வைக்காமல் உட்காருவது என்று முடிவு. நம்மில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு, அவர்கள் தடுக்கவில்லை.' மனைவி எழுந்தார். "சிலருக்கு இல்லை, எனக்கு ஒருத்திக்குத்தான். சரியாக எழுதுங்கள்" என்றார். 'நம்மில் ஒருவருக்கு' என்று திருத்தினேன். பெயர் போடும் வழக்கம் இல்லை. அவருக்கு இன்றும் வருத்தம்தான். கீழே பூஜை அறையில் விளக்கை ஏற்றிவிட்டுத்தான் மாடி ஏறுகிறார்.

இதில் நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை: தீர்மானத்தை அங்கேயே எழுதுங்கள், உரக்க வாசியுங்கள், சொல் சொல்லாகத் திருத்த விடுங்கள், திருத்தியதை மறுபடி வாசியுங்கள். வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் அழகுபடுத்தாதீர்கள். முடிவு வராவிட்டால் வரவில்லை என்று எழுதுங்கள், அதுவும் தீர்மானம்தான். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் இருந்தால் வாசிப்பது இன்னும் நிதானமாக இருக்கட்டும்.

ஆனால் காத்திருப்பதைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 1688-இல் அமெரிக்காவில் ஜெர்மன்டவுன் என்ற ஊரில் நான்கு பேர், மனிதனை அடிமையாக வைத்திருப்பது தவறு என்று எழுதித் தங்கள் குவேக்கர் கூட்டத்தில் கொடுத்தார்கள். விஷயம் கனமானது என்று அந்தக் கூட்டம் மேல் கூட்டத்துக்கு அனுப்பியது; அது இன்னும் மேலே அனுப்பியது; மேலே ஓரமாக வைத்துவிட்டார்கள். அடிமை வைத்திருப்பவர் உறுப்பினராக இருக்க முடியாது என்று ஃபிலடெல்ஃபியா ஆண்டுக் கூட்டம் முடிவு செய்தது 1776-இல். 88 வருடம்! தெளிவு வரட்டும் என்று காத்திருந்தவர்கள் யாரும் அந்த 88 வருடத்தில் சங்கிலியில் இல்லை. நடுவில் ஜான் உல்மன் என்று ஒருவர் இருந்தார். வீடு வீடாகப் போய் அடிமை வைத்திருந்த நண்பர்களிடம் பேசினார். அப்படிப்பட்ட வீட்டில் தங்க நேர்ந்தால், தனக்கு வேலை செய்த அடிமைகளுக்குக் கூலியைத் தன் கையிலிருந்து கொடுத்துவிட்டு வந்தார். கூட்டத்தின் முடிவுக்காக அவர் காத்திருக்கவில்லை.

அதனால்தான் டம்ளர் விஷயத்தை நான் நிர்வாகக் கூட்டத்துக்கே கொண்டுபோகவில்லை. விளக்குக்கு நான்கு மாதம் காத்திருக்கலாம். ஆயா படியில் நின்று டீ குடிப்பதைப் பற்றித் தெளிவு வரட்டும் என்று ஒரு மாதம் கூடக் காத்திருக்கக் கூடாது. எது விளக்கு, எது டம்ளர் என்று பிரித்துப் பார்க்க எழுத்தருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தாமதத்தால் யாருக்கு வலி என்று கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும்.

வராதவரைப் பார்ப்பது

இரண்டு வாரம் தொடர்ந்து வராதவர் வீட்டுக்கு இருவர் போக வேண்டும். 'ஏன் வரவில்லை' என்று கேட்பதற்கு அல்ல. போய் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்தால் போதும். மருத்துவமனையில் இருந்தால் ஆலோசனை சொல்லாதீர்கள். தர்மபுரியில் அந்த டாக்டரைப் பார், சேலத்தில் இந்த டாக்டரைப் பார் என்று சொல்ல அவருக்கு ஏற்கெனவே உறவினர்கள் இருக்கிறார்கள்.

ஒருவர் பெரிய முடிவு எடுக்க முடியாமல் திணறினால் குவேக்கர்கள் ஒன்று செய்வார்கள். அவரே நான்கைந்து பேரைத் தேர்ந்தெடுத்து உட்கார வைத்துக்கொள்வார். அவர்கள் கேள்வி மட்டும் கேட்கலாம். யோசனை, அனுபவம், 'என் மைத்துனனும் இப்படித்தான்' எதுவும் கூடாது. கேட்டதைப் பிறகு வெளியே பேசவும் கூடாது. எங்களிடம் ஓசூர் தொழிற்சாலை வேலையா, அப்பாவின் நிலமா என்று குழம்பிய ஒரு தம்பிக்காக இதைச் செய்தோம். கேள்வி மட்டும் கேட்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் தெரிந்தது. ஆசிரியர் கேட்டார்: "நிலத்தை விட்டுவிட்டுப் போவது தவறு என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?" அது கேள்வி இல்லை ஐயா, தீர்ப்பு என்று செவிலியர் சொன்னார். பிறகு பாய் கேட்டார்: "காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது? எழுந்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது?" தம்பி வெகுநேரம் பதில் சொல்லவில்லை. அவர் என்ன முடிவெடுத்தார் என்பதை மேலே சொன்ன விதிப்படி நான் எழுதக் கூடாது.

பணம், நோட்டு

இரண்டு லிட்டர் பால், சர்க்கரை, டீத்தூள், மாதம் ஒரு சோப்புக் கட்டி. ஒரு டப்பாவைப் படிக்கட்டில் வையுங்கள், முடிந்தவர் போடட்டும். தட்டை ஏந்திச் சுற்றி வராதீர்கள். வரவு செலவை மாதக் கூட்டத்தில் வாசித்துவிடுங்கள். பதிவு, லெட்டர்பேட், முத்திரை, பேனர் எதுவும் வேண்டாம்.

நோட்டு மட்டும் நல்லதாக வாங்குங்கள். நீளமான, கெட்டி அட்டை போட்ட 200 பக்க நோட்டு. முதல் நாளே பக்க எண் போட்டுவிடுங்கள். ஒரு தாளைக் கிழித்தால் தெரிய வேண்டும். அடித்த சொல் அடித்தபடியே இருக்கட்டும், வெள்ளை மை பூசாதீர்கள். நோட்டைப் பீரோவில் பூட்டாமல் யாரும் எடுத்துப் புரட்டும்படி தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். இந்தப் பொங்கலுக்குப் பிறகு இரண்டாவது நோட்டைத் தொடங்கினோம். அதன் முதல் பக்கத்தில் இருப்பது மாடியில் கூரை போடலாமா என்ற விஷயம். தகரம் போட்டால் வெயிலுக்கு ஆகாது, கீற்று போட்டால் வருடா வருடம் மாற்ற வேண்டும், பெரிய மரத்தடி ஒன்றைத் தேடிப் போய்விடலாம் என்று ஆயா சொல்கிறார். மூன்று மாதமாக அதே பக்கத்தில்தான் இருக்கிறோம்.